அத்தியாயம் 7: இரண்டாம் வகுப்பில் இந்த வசந்தம் – பெஹாலாவுக்குக் குடிவரும் பெற்றோருக்கு

மார்ச்சில் மாற்றல் உத்தரவு வந்து, ஏப்ரலில் சாமான் இறக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெஹாலாவில் முதலில் தடுமாறுவது பள்ளி நாட்காட்டியில்தான். தாராதலா நாணயச் சாலை, கிதர்பூர் துறைமுகம், கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம், ஜோக்காவின் இந்திய மேலாண்மைக் கழகம் என்று வேலைக்கு வருகிறவர்களுக்கு டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய தெருக்கள் வசதி. வீடு கிடைத்துவிடும். பிள்ளைக்கு ஏழு வயது என்றால், அதை எந்த வகுப்பில் உட்கார வைப்பது, அந்த வகுப்பு இப்போது எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அடுத்த வேலை.

மேற்கு வங்க அரசுப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆக, நீங்கள் வந்து சேரும் பங்குனி மாதத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகம் வாங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். ஆண்டுக்கு மூன்று மதிப்பீடுகளில் முதலாவது ஏப்ரல் வாக்கில் வரும். மத்திய வாரியப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் கேந்திரிய வித்யாலயாக்களிலும் இரண்டாம் வகுப்பு ஏப்ரலில்தான் பிறக்கிறது. தமிழ்நாட்டிலோ உங்கள் பிள்ளை ஒன்றாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தை இப்போதுதான் முடித்திருக்கிறது. ஊரில் இருந்திருந்தால் ஜூனில்தான் இரண்டாம் வகுப்பு. ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே வாரத்தில், மூன்று வெவ்வேறு இடத்தில் நிற்கிறார்கள்.

இந்த மூன்று மாத இடைவெளியைக் காட்டி, 'ஒரு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டுமே' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. 2019-இல் வந்த திருத்தம் மாணவரை நிறுத்தி வைக்க அனுமதிப்பது ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மட்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம். தனியார் பள்ளியில் இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அங்கே சான்றிதழோடு போவதே வேலையைச் சுலபமாக்கும்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு சின்னச் சிக்கல் உங்களுக்காகவே காத்திருக்கும். இங்கே பெயரோடு 'டைட்டில்' கேட்பார்கள். அதாவது குடும்பப் பெயர். நம் பிள்ளைக்கு இருப்பது இனிஷியல் மட்டும். அந்தக் கட்டத்தில் அவசரத்துக்கு எதையாவது எழுதிவிட்டு, பின்னால் ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று அலைய வேண்டாம். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ளபடியே எழுதுங்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்று பள்ளி சொன்னால் இனிஷியலை விரித்துத் தந்தை பெயரைப் போடுங்கள். பிறகு எல்லா இடத்திலும் அதுவே இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து கிளம்பும்போது எமிஸ் எண்ணையும் தேசிய அளவிலான நிரந்தரக் கல்வி எண்ணையும் குறித்து வாங்கி வந்தால் இங்கே பதிவு சீக்கிரம் முடியும்.

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது

வங்காள வழி அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு முக்கியப் புத்தகங்கள் இரண்டு. ஒன்று 'ஆமார் போய்'. மொழி, ஆங்கிலம், கணக்கு மூன்றும் ஒரே புத்தகத்தில் பின்னி வருவது. மற்றது தாகூர் எழுதிய 'சஹஜ் பாட்' இரண்டாம் பாகம். 1930-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு நந்தலால் போஸ் செதுக்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. கவிஞர் ஒருவர் ஏழு வயதுப் பிள்ளைக்கென்று உட்கார்ந்து எழுதியதை, தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மாநிலமே படித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்ந்தாலும் இந்தப் புத்தகத்தை வாங்கி வீட்டில் வையுங்கள். படம் பார்க்கவே போதும்.

எழுத்து தெரியாத பிள்ளைக்கு அதற்கு முந்தைய படி, ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1855-இல் வெளியிட்ட 'பர்ண பரிசய்'. மெல்லிய இரண்டு பாகங்கள். தெருமுனைப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். முதல் பாகத்தில் தனி எழுத்துகள், இரண்டாம் பாகத்தில் கூட்டெழுத்துகள். உங்கள் பிள்ளையோடு நீங்களும் உட்கார்ந்து முதல் பாகத்தை முடித்துவிடுங்கள். பேருந்துப் பலகை படிக்க உங்களுக்கும் அது வேண்டும்.

கேந்திரிய வித்யாலயா என்றால் 2023-இல் வந்த தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் புதிய புத்தகங்கள்: ஆங்கிலத்துக்கு 'மிருதங்', இந்திக்கு 'சாரங்கி', கணக்குக்கு 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்'. தனியார் பள்ளிகளில் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். அங்கே இரண்டாம் மொழியாக வங்காளம் அல்லது இந்தி கேட்பார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறும் வேலை என்றால் இந்தி எடுப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்கள் வங்காளத்தை எடுக்க வேண்டும் என்பதே என் முடிவு. மாலையில் விளையாடக் கூப்பிடும் பிள்ளைகளும், வாசலில் காய் விற்பவரும், பள்ளி வேன் ஓட்டுநரும் பேசுவது வங்காளம். புத்தக மொழியும் தெரு மொழியும் ஒன்றாக இருந்தால் ஏழு வயதுப் பிள்ளை ஆறே மாதத்தில் பேசிவிடும்.

வங்காள எழுத்தில் தமிழ்ப் பிள்ளைக்குக் கைகொடுக்கும் ஒன்றும் உண்டு, காலை வாரும் ஒன்றும் உண்டு. நம் 'கெ'யில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. 'கொ'வில் முன்னால் கொம்பும் பின்னால் காலும் நிற்கின்றன. வங்காளத்திலும் எகர, ஒகரக் குறிகள் இப்படித்தான். இந்திப் பிள்ளைக்குப் புதிதாகத் தெரியும் இந்த வழக்கம் நம் பிள்ளைக்குப் பழகியது. காலை வாருவது இகரக் குறி. தமிழில் அது எழுத்தின் தலையில் வலப்பக்கம் ஏறும். வங்காளத்தில் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். முதல் சில வாரம் நோட்டில் விழும் சிவப்பு வட்டங்களில் பாதி இதற்காகத்தான் இருக்கும்.

நான்குவரி நோட்டைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். தமிழ் எழுத்தைப் பிள்ளை கீழ்க்கோட்டில் உட்கார வைத்துப் பழகியிருக்கிறது. வங்காள எழுத்து மேலே ஓடும் கோட்டிலிருந்து தொங்குகிறது. அந்த மேல்கோட்டுக்கு மாத்ரா என்று பெயர். சில எழுத்துகளுக்கு முழுக்கோடு, சிலவற்றுக்குப் பாதி, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. 'ஹாதேர் லேகா' என்று தினமும் ஒரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி தருவது இங்குள்ள வழக்கம். முதலில் எழுத்தை எழுதி, சொல் முடிந்தபின் மேல்கோட்டை இழுக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கோடு கோணினாலும் எழுத்து சிதையாது.

சொல்வதை எழுதுதல் நம்மவர்களுக்குக் கடினமான வேலை. தமிழில் ஒரே 'க' எழுதி இடத்துக்குத் தகுந்தபடி வெவ்வேறாக ஒலிக்கிறோம். வங்காளத்தில் அந்த வரிசைக்கு நான்கு ஒலி, நான்கு எழுத்து. காது பிரித்துக் கேட்டால்தான் கை பிரித்து எழுதும். எனவே முதல் பருவத்தில் எழுத்துப் பிழைக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆசிரியரிடம் நேரே போய், 'எங்கள் மொழியில் இந்த ஒலிகளுக்குத் தனி எழுத்து கிடையாது, கொஞ்ச காலம் கொடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். திதிமோனி என்று பிள்ளைகள் கூப்பிடும் அந்த ஆசிரியைகளில் பெரும்பாலோர் இதைக் கேட்டதும் புரிந்துகொள்வார்கள்.

கணக்கு நோட்டில் 47

வங்காள எண்களில் நான்கு, அச்சு அசலாக நம் 8 போல இருக்கும். ஏழு, ஏறக்குறைய 9 போல இருக்கும். ஆக, கரும்பலகையில் நாற்பத்தேழு என்று எழுதியிருப்பதை உங்கள் பிள்ளை 89 என்று படிக்கும். கூட்டல் சரியாகப் போட்டிருக்கும், விடை தப்பாக வரும். 'அம்மா, நான் சரியாத்தான் போட்டேன், திதிமோனி தப்புன்னுட்டாங்க' என்று அழுதுகொண்டு வந்தால், கணக்கைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள். ஒன்று முதல் பத்துவரை வங்காள எண்களையும் நம் எண்களையும் எதிரெதிரே எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒரு மாதம் ஒட்டி வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆங்கில வழிப் பிள்ளைக்கும் ஒட்டி வையுங்கள். கடைப் பலகையிலும் பேருந்திலும் இந்த எண்கள் வரும்.

எண்களின் பெயர் அடுத்த பாடு. இருபத்தொன்று, முப்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று தமிழில் ஒரு விதி தெரிந்தால் நூறுவரை சொல்லிவிடலாம். வங்காளத்தில் ஏக்குஷ், ஏக்த்ரிஷ், ஏக்சோல்லிஷ், ஏகான்னோ என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். நூறுவரை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். ஒரேயடியாக உட்கார வைக்காமல் நாளுக்கு ஐந்தாகச் சொல்லிக் கொடுங்கள். மனக்கணக்கைத் தமிழில் போட்டுவிட்டு விடையை மட்டும் வங்காளத்தில் சொல்லட்டும். அதில் எந்தத் தவறும் கிடையாது. நாம்தா என்ற வாய்ப்பாட்டை இங்கே ராகம் போட்டு வகுப்பே சேர்ந்து சொல்லும். அதில் மட்டும் பிள்ளை வங்காளத்திலேயே கலந்துகொள்ளட்டும். கூட்டத்தோடு சொல்லும்போது எண்களின் பெயரும் சேர்ந்தே பதியும்.

இனமாற்றிக் கூட்டும் கணக்கு இந்த வயதில் எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. 28-உம் 15-உம் கூட்டும்போது எட்டும் ஐந்தும் பதின்மூன்று. மூன்றை எழுதி, 'ஹாத்தே ஏக்', அதாவது கையில் ஒன்று என்பார்கள். பிள்ளைக்கு அந்த 'ஒன்று' உண்மையில் பத்து என்று தெரிந்திருக்கிறதா? சோதிக்க எளிய வழி: துடைப்பக் குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பாண்டில் கட்டுங்கள். 28-ஐ இரண்டு கட்டு, எட்டு உதிரி என்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 15-ஐச் சேர்த்ததும் உதிரிக் குச்சியில் பத்தை எண்ணித் தானாகவே கட்டுப் போட்டால், கணக்கு புரிந்துவிட்டது. கட்டுப் போடத் தோன்றாமல் நாற்பத்து மூன்று குச்சியையும் ஒவ்வொன்றாக எண்ணினால், நோட்டில் விடை சரியாக வந்தாலும் இன்னும் புரியவில்லை. மேற்கொண்டு போகாமல் குச்சியோடு ஒரு வாரம் இருங்கள்.

எதுவரை வந்திருக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2021 ஜூலை 5-இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் முன்பின் பார்க்காத ஒரு பத்தியை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் வேகத்தில் பொருள் புரிந்து படிக்க வேண்டும், 999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும், 99 வரை கழிக்க வேண்டும் என்கிறது. தமிழில் சொற்கள் நீளம். 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பதும் ஒரே சொல்தான். அதனால் தமிழில் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பிடிக்காதீர்கள். படித்து முடித்ததும் 'என்ன நடந்தது?' என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் முக்கியம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 2022 ஜூன் 13-இல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடக்கிறது. பழைய ஆசிரியரிடம் பிள்ளை எந்த நிலையில் இருந்தது என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். மதிப்பெண் சொல்லாததை அது சொல்லும்.

வீட்டுப்பாடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் வேண்டாம், பை 1.6 முதல் 2.2 கிலோவுக்குள் இருக்கட்டும் என்கிறது. பெஹாலாவில் தெருவுக்குத் தெரு டியூஷன் பலகை தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் உங்கள் பிள்ளையையும் சேர்க்கச் சொல்வார். ஏழு வயதில் காலைப் பள்ளிக்குப் பிறகு மாலையிலும் வகுப்பு என்பது கொடுமை என்றே நான் சொல்வேன். வங்காளம் மட்டும் பழக, வாரத்துக்கு இரண்டு நாள், அதே தெருவில் உள்ள கல்லூரிப் பெண் ஒருவர் அரைமணி பேச்சுக் கொடுத்தால் போதும்.

மாசி, பங்குனி, சித்திரை

வங்காள ஆண்டுக்கு ஆறு பருவம். பால்குனமும் சைத்ரமும் வசந்தம். பள்ளிகளில் வசந்தத்தை அழைத்து வருவது சரஸ்வதி பூஜை. நமக்கு அது புரட்டாசி நவராத்திரியில். இங்கே வசந்த பஞ்சமியன்று, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அன்று பிள்ளைகள் மஞ்சள் உடுத்தி வருவார்கள். புத்தகங்களைத் தேவியின் காலடியில் வைத்துவிட்டு அன்று முழுவதும் படிக்க மாட்டார்கள். அரிசி மாவைக் கரைத்துத் தரையில் ஆல்போனா வரைவார்கள். கோலம் போடத் தெரிந்த அம்மாக்களுக்குப் பள்ளியில் நட்புக் கிடைக்க அது நல்ல வழி. மதியம் கிச்சுரி. பூஜை முடியும்வரை இலந்தைப் பழம் சாப்பிடக் கூடாது என்பது பிள்ளைகளுக்குள் கண்டிப்பான விதி. உங்கள் பிள்ளையின் டிபன் டப்பாவில் முன்கூட்டியே அதைப் போட்டு அனுப்பாதீர்கள். வீட்டில் மூன்று, நான்கு வயதில் தம்பி தங்கை இருந்தால் அன்றே 'ஹாத்தேகொரி' செய்துவிடலாம். நம் விஜயதசமி வித்யாரம்பம்தான் அது.

பிப்ரவரி 21 தாய்மொழி நாள். டாக்காவில் 1952-இல் வங்காள மொழிக்காக மாணவர்கள் உயிர் கொடுத்த நாளை யுனெஸ்கோ 1999-இல் உலக நாளாக அறிவித்தது. பல பள்ளிகளில் அன்று பிள்ளைகள் பாட்டும் கவிதையும் சொல்வார்கள். ஒரு வாரம் முன்னாலேயே ஆசிரியரைக் கேட்டு, உங்கள் பிள்ளை தமிழில் நான்கு வரி சொல்ல அனுமதி வாங்குங்கள். மொழிக்காக மாணவர்கள் களம் இறங்கிய கதை நம்மிடமும் இருப்பதால் இந்த நாள் நமக்கு அந்நியம் இல்லை. வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அன்று முதல் ஓர் இடம் கிடைக்கும்.

மார்ச்சில் இலவும் பலாசமும் பூக்கும். டோல் பண்டிகைக்கு முந்திய நாள் வகுப்பிலேயே வண்ணப்பொடி பூசுவார்கள். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் ஆசிரியருக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். ஏப்ரல் 14 அல்லது 15-இல் பொய்லா பொய்ஷாக். நம் சித்திரைப் பிறப்பும் அதை ஒட்டியே வரும். அந்த நாட்களில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேல் திடீரென்று வானம் கறுத்து கால்பொய்ஷாகி என்ற புயல் மழை அடிக்கும். புத்தகப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை எப்போதும் இருக்கட்டும்.

போகவும் வரவும்

ஒரே கட்டடத்தில் காலையில் தொடக்கப் பள்ளியும் பகலில் உயர்நிலைப் பள்ளியும் நடப்பது கொல்கத்தாவில் சாதாரணம். அப்படிப்பட்ட பள்ளி என்றால் ஏழு வயதுப் பிள்ளை விடிந்ததும் டயமண்ட் ஹார்பர் சாலைக்கு வந்துவிட வேண்டும். 2023 ஆகஸ்ட் 4 காலை, பெஹாலா சௌராஸ்தாவில் தந்தையோடு பள்ளிக்குப் போன இரண்டாம் வகுப்புச் சிறுவன் லாரி மோதி இறந்தான். தந்தைக்குப் பலத்த காயம். ஊரே தெருவில் இறங்கியது. அதன்பின் அங்கே போக்குவரத்துக் காவல் கூடியிருக்கிறது. இருந்தாலும் நேரமாகிவிட்டது என்று நடுவில் புகுந்து கடக்காதீர்கள். காவலர் நிற்கும் சந்திப்பில், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, காவலர் கை காட்டிய பிறகு கடந்தால் போதும். பள்ளிக்குப் பிந்திப் போனால் யாரும் தண்டித்துவிட மாட்டார்கள். பூல் கார் என்று இங்கே சொல்லும் கூட்டு வண்டியில் அனுப்புவதானால், எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார், எந்தப் பக்கம் இறக்கிவிடுகிறார் என்று இரண்டு நாள் நீங்களே நின்று பாருங்கள். சாலையைக் கடக்காமல் பள்ளி வாசலிலேயே இறக்கும் வண்டிக்கு நூறு இருநூறு கூடக் கொடுப்பது தகும்.

சாலைக்கு மேலே ஓடும் மெட்ரோ படிப்புக்கும் உதவும். ஜோக்காவிலிருந்து தாராதலாவரை 2022 டிசம்பர் 30-இல் தொடங்கி, 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட்வரை நீண்ட பாதையில் ஏழு நிலையங்கள். ஒவ்வொரு பலகையிலும் ஒரே பெயர் வங்காளம், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கும். நேரம் கிடைக்கும் ஒரு நாள் நோட்டோடு ஏறி, ஆங்கிலத்தில் படித்த பெயரை வங்காளத்தில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். தாக்குர்புக்குர், ஷக்கேர் பஜார் என்று ஏழு பெயரையும் எழுதி முடித்தால் எழுத்துகளில் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும்.

வீட்டில் தமிழ்

ஒன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய கட்டத்தில்தான் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறது. இந்த ஒரு வருடத்தை விட்டுவிட்டால் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளையாகிவிடும். வெளியூர்களில் இப்படி வளர்ந்த பெரியவர்கள், பாட்டியின் கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்டவர்கள், எத்தனையோ பேர். வங்காளம் குழம்பிவிடும் என்று பயந்து தமிழை நிறுத்த வேண்டியதில்லை. தமிழில் பொருள் புரிந்து படிக்கும் பிள்ளை வங்காளத்தையும் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டு அரசின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்கள் ஒலியோடு இருக்கின்றன. நகரில் பாரதி தமிழ்ச் சங்கம் இருக்கிறது. லேக் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கப் போகும்போது அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடம் விசாரித்தால் நிகழ்ச்சிகள் தெரியவரும். பள்ளி வேலை எதுவாக இருந்தாலும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் தமிழ்க் கதைப் புத்தகத்தைப் பிள்ளை உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். பெஹாலாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். கோடை விடுமுறைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.